பிசினுக்குள் பூ, கரிமண்ணுக்குள் காடு

மெராந்தி, செங்கால், கெருயிங். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இவை பலகைக் கடையில் கேட்டுப் பழகிய பெயர்கள். மூன்றும் டிப்டெரோகார்ப் என்னும் ஒரே குடும்பத்து மரங்கள். பட்டையில் காயம் பட்டால் பிசின் வடியும். மலாய்க்காரர்கள் அதை டாமார் என்பர். நாம் புகை போடும் குங்கிலியமும் இந்தக் குடும்பத்துப் பிசின்தான். இத்தகைய மரப்பிசின் மண்ணில் புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் இறுகினால் அது அம்பர்.

அம்பரில் பூச்சிகள் நிறையக் கிடைக்கும், பூ கிடைப்பது அபூர்வம். பால்டிக் கடலோர அம்பரில் சிக்கிய 2.8 சென்டிமீட்டர் பூ ஒன்றுதான் இதுவரை கிடைத்தவற்றில் பெரியது. வயது சுமார் 3 கோடியே 40 லட்சம் முதல் 3 கோடியே 80 லட்சம் ஆண்டுகள் வரை. 1872இல் அதைத் தேயிலைக் குடும்பத்தில் சேர்த்துப் பெயரிட்டார்கள். 2023இல் பெர்லின், வியன்னா ஆய்வாளர்கள் இருவர் அம்பரின் மேற்பரப்பிலிருந்து மகரந்தத் துகள்களைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது அந்தப் பெயர் தவறு எனத் தெரிந்தது. அது சிம்ப்ளோகோஸ் இனம். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் வெள்ளிலோத்திரப் பட்டையின் உறவு. இன்று அந்தப் பூவின் நெருங்கிய சொந்தங்கள் ஆசியக் காடுகளில்தான் இருக்கின்றன.

ஒரே பூவை வைத்து ஒரு காட்டையே சொல்லிவிடலாமா? முடியாது. மற்றப் பூக்கள், இலைகள், மரத்துண்டுகள், பூச்சிகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டைக் கட்டியெழுப்ப வேண்டும். குஜராத் நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைத்த அம்பரில் அப்படித்தான் செய்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வு, 5 கோடி ஆண்டு பழமையான அந்தப் பிசின் டிப்டெரோகார்ப் மரங்களுடையது என்று வேதியியல் வழியாக உறுதிசெய்தது. அதில் சிக்கிய எறும்பு, தேனீ, கறையான் உள்ளிட்ட உயிர்கள் 55க்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவை. இன்று தென்கிழக்காசியாவை மூடியிருக்கும் மழைக்காட்டின் பழைய வடிவம் அது. நம் மெராந்தியின் முன்னோர் இந்திய நிலத்துண்டு வழியாக இந்தப் பக்கம் பரவியதாக 2022இல் வந்த மகரந்த ஆய்வும் சொல்கிறது.

கோலா சிலாங்கூரில் அம்பர் இல்லை. ஆனால் பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய ராஜா மூசா வனத்தில் வேறொரு பெட்டகம் இருக்கிறது. தானா காம்புட் எனும் கரிமண்தான் அது. காற்றுப் புகாத அந்த ஈரத்தில் சில ஆயிரம் ஆண்டு மகரந்தம் அடுக்கடுக்காகக் கிடக்கும். நீளமான குழாயை இறக்கி மண்ணை உருவியெடுத்தால், எந்த மரம் எப்போது தழைத்தது, எப்போது குறைந்தது என்று அடுக்கு அடுக்காகப் படிக்கலாம்.

சிக்கல் ஒன்றுண்டு. பல கோடி ஆண்டு அம்பரைவிட இந்தச் சில ஆயிரம் ஆண்டுப் பதிவு அழிவது எளிது. பலகை வெட்டவும் விவசாயத்துக்கும் வெட்டிய பாரிட்டுகள் தண்ணீரை வடித்துவிட, காய்ந்த கரிமண் மக்குகிறது. வெயில் காலத்தில் தீப்பிடிக்கிறது. அந்தப் புகையை நாமே சுவாசித்திருக்கிறோம். 2008 முதல் பாரிட்டுகளை அடைத்து மரக்கன்றுகள் நடும் பணி அங்கே நடக்கிறது. கன்றுகளை எண்ணுகிறோம், படம் எடுத்துப் போடுகிறோம். ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது நீர்மட்டம். அது இறங்கினால் நட்ட கன்றும் வாடும், கீழே கிடக்கும் மகரந்தமும் மக்கும்.