தோட்ட வீட்டுக்குக் கேபிள் இழுக்கப் போகிறீர்களா?

போன மே மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, நம் அன்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "ஸார், நீங்க ரயில்வேல கேபிள் வேலைதானே பாத்தீங்க? ஒரு நடை நம்ம தோட்டத்துக்கு வந்துட்டுப் போங்களேன்" என்றார். பாணேரில் ஃப்ளாட் வாங்கி முடித்த நம்மவர்கள் பலர் இப்போது முல்ஷி பக்கம் தோட்ட வீடு வாங்கும் கட்டத்துக்கு வந்துவிட்டார்கள். (பாணேரே ஒரு காலத்தில் கிராமம்தான். 1997-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது.)

போய்ப் பார்த்தேன். பெரிய வீட்டுக்கும் காவல்காரர் குடும்பம் இருக்கும் சிறிய வீட்டுக்கும் இடையே சுமார் நூற்று நாற்பது மீட்டர். காவல்காரரின் பெண் கல்லூரியில் படிக்கிறாள், அவளுக்கும் இன்டர்நெட் போகட்டும் என்று நண்பர் நல்ல மனசோடு லைன் கொடுத்திருந்தார். கொடுத்த விதம்தான் கோளாறு. ஆபீசுக்குள் போடும் சாதாரண நெட்வொர்க் ஒயரை மாமரத்துக்கு மாமரம் கட்டி இழுத்திருந்தார்கள். தாமிர ஒயரில் நூறு மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பதால், நடுவில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஸ்விட்ச். அதற்குக் கரண்ட் கொடுக்கும் ஒயரும் நெட்வொர்க் ஒயரும் பாதை கடக்கும் இடத்தில் ஒரே பைப்பில்! மழைக்கு முந்தைய இடி ஒன்று பக்கத்தில் எங்கோ விழுந்திருக்கிறது. ரூட்டர், ஸ்விட்ச், அந்தப் பெண்ணின் லேப்டாப் எல்லாம் போயின. அவள் அப்போதுதான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தாளாம்.

இடி நேராக ஒயர் மேல் விழவேண்டும் என்பதில்லை. பக்கத்தில் விழுந்தாலே போதும், அந்த இடத்து மண்ணின் மின்னழுத்தம் ஒரு கணம் ஆயிரக்கணக்கான வோல்ட் உயர்ந்துவிடும். நூறு மீட்டர் தள்ளி இருக்கும் வீட்டின் எர்த் அதே அளவுக்கு உயராது. இரண்டையும் தாமிரத்தால் இணைத்திருந்தால், வித்தியாசம் முழுவதும் அந்த மெல்லிய ஒயர் வழியாகத்தான் ஓடும். இங்கே சிறிய வீட்டுக்குக் கரண்ட் பம்ப் மீட்டரிலிருந்து வருகிறது, அதற்குத் தனி எர்த். அப்படியானால் இடி இல்லாத நாளிலும் இரண்டு எர்த்துக்கும் நடுவே வித்தியாசம் இருக்கலாம். சர்ஜ் புரொடெக்டர் ஒன்று மாட்டினால் போதாதா என்று நண்பர் கேட்டார். நல்ல எர்த் இல்லாத இடத்தில் அது வெறும் அலங்காரம்.

ரயில்வேயில் இந்தப் பாடத்தை நாங்கள் பழைய காலத்திலேயே படித்தோம். 25,000 வோல்ட் லைன் வந்த பகுதிகளில், தண்டவாளத்தோரம் கம்பத்தில் ஓடிய டெலிபோன் கம்பிகளில் தானாகவே மின்சாரம் தூண்டப்பட்டது. அவற்றை இறக்கி, காப்புள்ள கேபிளாக மண்ணுக்குள் புதைக்க வேண்டியதாயிற்று. பிற்பாடு கண்ணாடி இழை, அதாவது ஃபைபர் வந்தது. அதில் ஓடுவது வெளிச்சம். அதற்கு எர்த்தும் இல்லை, தூண்டலும் இல்லை.

நம் பக்கத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. நாராயண்காவ் அருகே கோடதில், 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட ரேடியோ தொலைநோக்கி. சுமார் 25 கிலோமீட்டர் பரப்பில், வயல்களுக்கு நடுவே கிண்ணங்கள் சிதறி நிற்கின்றன. எல்லாவற்றையும் நடுக் கட்டிடத்தோடு இணைப்பது ஃபைபர்தான். அதைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப் நம் ஊட்டியில் 1970-ல் அமைந்த தொலைநோக்கியையும் கட்டியவர் என்பது நமக்கு ஒரு சின்னப் பெருமை. மைல் கணக்கில் அவர்களால் முடியும்போது, நூற்று நாற்பது மீட்டருக்கு நாம் ஏன் மாமரத்தை நம்ப வேண்டும்?

ஆகவே என் கட்சி இதுதான்: இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே தாமிரம் வேண்டாம், ஃபைபர் போடுங்கள். இரண்டு முனையிலும் ஒரு சிறிய கன்வெர்ட்டர் வைத்தால் முடிந்தது. இன்று ஃபைபரின் விலையும் பயமுறுத்துவதாக இல்லை. செலவு பள்ளத்துக்குத்தான், நம்மவர்கள் மிச்சம் பிடிப்பதும் அங்கேதான். இந்த நண்பர் கேட்டுக்குப் போட்ட தேக்கின் விலையில் மூன்று பள்ளம் வெட்டலாம்.

மூன்றடி ஆழம் வெட்டச் சொன்னேன். ஏர், மண்வெட்டி இரண்டும் அங்கே எட்டாது. ஆனால் இந்தப் பக்கம் கரிசல் மண் ஒன்றரை அடிதான், அதற்குக் கீழே கரும்பாறை. பாறை வந்த இடத்தில் ஆழத்தைக் குறைத்துக்கொண்டு, பைப்பின் மேல் கான்கிரீட் போடுங்கள். கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். கேபிளை வெறுமனே புதைத்தால் மண் அதை இழுத்துப் பார்க்கும். கெட்டியான கறுப்பு எச்.டி.பி.இ. பைப்புக்குள் போடுங்கள். கூடவே ஒரு நைலான் கயிறும் உள்ளே கிடக்கட்டும், நாளைக்கு இன்னொரு கேபிள் இழுக்க உதவும். பைப்பின் இரு வாயையும் அடைத்துவிடுங்கள், எலிக்கு ஃபைபர் என்றும் தாமிரம் என்றும் பேதம் கிடையாது. எலிக்குப் பயந்து இரும்புக் கவசம் போட்ட ஃபைபரை வாங்கினால், அந்த இரும்பே மறுபடி இரண்டு எர்த்தையும் இணைத்துவிடும். உலோகமே இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். கரண்ட் கேபிளுக்குத் தனிப் பைப், குறைந்தது ஓரடி தள்ளி.

மரம் மறைக்காத நேர்ப்பார்வை இருந்தால் இரண்டு வயர்லெஸ் ஆன்டெனா போதுமே என்று சிலர் சொல்வார்கள். சரிதான். இங்கே மாமரங்கள்.

இன்னொன்று. பள்ளம் போன வழியை ஒரு தாளில் வரைந்து, சுவரிலிருந்து எத்தனை அடி என்று குறித்து, மீட்டர் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள். கேபிளுக்கு ஓர் அடி மேலே எச்சரிக்கை நாடாவும் போடலாம். என் சர்வீசில் கேபிள் தானாகக் கெட்டதைவிட, வேறு யாரோ தோண்டி அறுத்ததுதான் அதிகம். அப்போது கடப்பாரை, இப்போது ஜேசிபி.

நண்பர் சம்மதித்துவிட்டார். மாமர ஒயரை அன்றே அவிழ்த்துவிட்டோம். தீபாவளி முடிந்து மண் காய்ந்ததும் பள்ளம் வெட்டுகிறார்கள். பம்ப் மீட்டர் எர்த்தைச் சோதிக்க எலெக்ட்ரீஷியனை அதற்கு முன்பே வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அந்தப் பெண் பெரிய வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து படிக்கிறாள்.