உறுப்பு தானமும் நோயுற்ற குழந்தைகளும்

2008-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த வைத்தியத் தம்பதிகள் இருவர் செய்த காரியத்தைத் தமிழ்நாடு இன்னும் மறந்துவிடவில்லை. சாலை விபத்தில் அடிபட்ட அவர்களுடைய 15 வயது மகனின் மூளை அடியோடு செயலற்றுவிட்டதென்று சென்னையில் நிச்சயமானதும், அவனுடைய உறுப்புக்களைப் பிறருக்குக் கொடுத்துவிடும்படி அவர்கள் தாமாகவே முன்வந்து சொன்னார்கள். போலீஸார் நெரிசலை விலக்கி வழிவிட, அந்தப் பையனின் இருதயம் பத்துப் பன்னிரண்டு நிமிஷங்களில் முகப்பேருக்குப் போய்ச் சேர்ந்து, 9 வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தப்பட்டது. அந்தப் பெற்றோரின் துக்கத்தை எடைபோட நமக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த ஒரு நாள் சம்பவம் நூறு பிரசங்கங்கள் செய்யமுடியாததைச் செய்தது என்பதில் சந்தேகமில்லை. இறந்தவர்களின் உறுப்புக்களை முறைப்படி பெற்றுப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் அதே வருஷத்தில்தான் ஆரம்பித்தது.

அதன் பின்னர் நிலைமை வெகுவாக முன்னேறியிருக்கிறது. 2024-ல் மட்டும் தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்த 268 பேரின் குடும்பத்தார் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தார்கள். அப்படித் தானம் செய்தவர்களின் ஈமக்கிரியைகள் அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் 2023 செப்டம்பரில் அறிவித்தார். இது மெச்சத்தக்க ஏற்பாடு. ஆயினும் தேசம் முழுவதையும் பார்க்கும்போது கணக்கு நமக்குப் பெருமை தருவதாக இல்லை. 2023-ல் இந்தியா முழுவதிலும் இறந்தபின் உறுப்பளித்தவர்கள் 1,099 பேர். அதாவது பத்து லட்சம் ஜனங்களுக்கு ஒருவர்கூட இல்லை. ஸ்பெயின் தேசத்தில் பத்து லட்சத்துக்கு 40 பேருக்கு மேல். நம்முடைய ஜனங்கள் ஸ்பானியரைவிட இரக்கம் குறைந்தவர்கள் என்று சொல்ல யாரும் துணியமாட்டார்கள். ஆகையால் குறை வேறெங்கோ இருக்கவேண்டும்.

குறை எங்கே என்று பார்ப்பதற்கு முன், குழந்தைகளின் நிலையைச் சற்று விளக்குவது அவசியமாகிறது. பெரியவர்களைக் காட்டிலும் அவர்களுக்கு உறுப்பு கிடைப்பது கடினம். ஐந்து வயதுக் குழந்தையின் மார்புக்குள் நாற்பது வயது மனிதரின் இருதயம் அடங்காது. அக்குழந்தைக்கு இருதயம் வேண்டுமானால், ஏறக்குறைய அதே பருமனுள்ள வேறொரு குழந்தை இறந்திருக்கவேண்டும்; அதன் பெற்றோர் அந்த வேளையிலும் சம்மதித்திருக்கவேண்டும். இதைவிடக் கடினமான கேள்வியை எந்தத் தாயிடமும் கேட்க முடியாது. ஆனால் கல்லீரல் விஷயம் அப்படியன்று. இறந்த பெரியவர் ஒருவரின் கல்லீரலை இரண்டாகப் பிரித்து, இடதுபக்கத்துச் சிறு பகுதியை ஒரு குழந்தைக்கும் மீதியை வயது வந்த ஒருவருக்கும் பொருத்த வைத்திய சாஸ்திரம் வழி கண்டிருக்கிறது. பெரியவரின் சிறுநீரகத்தையும் வளர்ந்துவரும் சிறுவனுக்குப் பொருத்தலாம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இரத்தத்தைச் சுத்திகரிக்கும் யந்திரத்துடன் கட்டுண்டு கிடக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை மட்டுமல்ல, வளர்ச்சியையே இழக்கிறார்கள். வயது ஏறினாலும் உயரம் ஏறுவதில்லை.

பித்தக்குழாய் அடைபட்டுப் பிறக்கும் சிசுக்களும் உண்டு. காலத்தில் அறுவைச் சிகிச்சை செய்தும் பலன் இல்லாவிட்டால், அவர்களுக்கு மாற்றுக் கல்லீரல் ஒன்றே கதி. 1998 நவம்பரில், இரண்டு வயது நிரம்பாத காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்குத் தில்லியில் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்தினார்கள். நம் தேசத்தில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாகச் செய்யப்பட்ட முதல் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை அதுதான். அந்தக் குழந்தை வளர்ந்து, தானும் வைத்தியராகிவிட்டது. ஆனால் எல்லாத் தந்தையரின் இரத்த வகையும் பொருந்துவதில்லை. எல்லாத் தாய்மாரின் உடம்பும் கத்தியைத் தாங்குவதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக் குழந்தைகள்தான் முகமறியாத ஒருவரின் தானத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள்.

இனி, ஜனங்கள் தயங்குவதேன் என்று பார்ப்போம். முதல் காரணம் அச்சம். அந்த அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நாம் தயாராயில்லை. யந்திரத்தின் உதவியால் மார்பு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாயிருக்கிறது, கையைத் தொட்டால் நாடி அடிக்கிறது. இந்த நிலையில் "உங்கள் பிள்ளை இறந்துவிட்டான்" என்று சொன்னால் எந்தத் தகப்பன் உடனே நம்புவான்? 1994-ம் வருஷத்துச் சட்டம் இதை உணர்ந்தே சில காவல்களை விதித்திருக்கிறது. மூளைத்தண்டு செயலற்றுவிட்டதென நான்கு வைத்தியர்கள் அடங்கிய குழு அத்தாட்சி கொடுக்கவேண்டும். ஒரு முறை சோதித்துவிட்டு, ஆறு மணி நேரம் கழித்து மறுமுறையும் சோதிக்கவேண்டும். உறுப்பைப் பொருத்தப் போகும் வைத்தியர் அந்தக் குழுவில் இருக்கக்கூடாது. நீண்ட மயக்கத்தில் கிடப்பவர் என்றாவது கண் விழிக்கலாம். மூளைத்தண்டு இறந்தவர் விழிக்கமாட்டார். இந்த வித்தியாசத்தைத் துக்க வீட்டில் அவசரம் அவசரமாகச் சொல்வதைவிட, ஊர்ச் சங்கங்களிலும் கல்லூரிகளிலும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இரண்டாவது காரணம் அவநம்பிக்கை. இதற்கு ஜனங்களைக் குறை கூற முடியாது. சென்னை வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று ஊரார் கேலியாகச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. கடன்பட்ட ஏழைகள் தங்கள் சிறுநீரகத்தைத் தரகர் மூலம் விற்றார்கள். அந்த வியாபாரத்தை ஒழிக்கவே மேற்படி சட்டம் வந்தது. வந்து முப்பது வருஷங்களுக்குப் பிறகு, 2025-ல், நாமக்கல் ஜில்லா பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் விலைபேசப்பட்டன என்ற புகார் எழுந்தது. 2018-ல், சென்னையில் தானமாகக் கிடைத்த இருதயங்கள் வெளிநாட்டாருக்குச் சென்றன என்ற புகாரும் எழுந்தது. உயிருள்ள ஏழையிடம் தரகர் வாங்குவது வேறு, இறந்தவரின் குடும்பம் விலையின்றிக் கொடுப்பது வேறு என்பது வாஸ்தவமே. ஆனால் செய்தியைக் காதால் கேட்கும் பாமரருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தோன்றும். தரகனை ஒரு நாள் தப்பவிட்டால், தானம் செய்ய நினைத்த ஆயிரம் பேர் பின்வாங்குவார்கள். எந்த உறுப்பு எந்த வரிசைப்படி யாருக்குச் சென்றதென்பதை, பெயர்களை வெளியிடாமலே, சர்க்கார் மாதந்தோறும் பத்திரிகைகளில் பிரசுரிக்கலாம். மறைக்க ஒன்றுமில்லையென்றால் சொல்வதில் கஷ்டமென்ன?

தானத்தைப் பற்றிப் பேசுவோர் ததீசி முனிவரையும் சிபிச் சக்கரவர்த்தியையும் மேடைக்கு அழைப்பது வழக்கமாகிவிட்டது. நமக்கு அது அவ்வளவாக ரசிக்கவில்லை. அவர்கள் உயிரோடிருக்கும்போதே உடம்பைக் கொடுத்தவர்கள். அத்தகைய தியாகத்தை யாரும் இன்று சாதாரண ஜனங்களிடம் கேட்கவில்லை. கேட்பது மிகவும் சொற்பம். நெருப்புக்கோ மண்ணுக்கோ போகப்போவதைச் சில மணி நேரம் முன்னதாகப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, முறைப்படி தைத்து மூடிய உடலைப் பெற்று, வழக்கமான கிரியைகளைச் செய்துகொள்ளலாம். கண்ணைப் பொறுத்தவரை மூளைச்சாவுகூட வேண்டியதில்லை. வீட்டிலே இயற்கையாக இறந்தவரின் கருவிழியையும் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம்.

பதினெட்டு வயது நிரம்பிய எவரும் ஆதார் எண்ணைக் கொண்டு தேசிய உறுப்பு மாற்று ஸ்தாபனத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். செலவு ஒன்றுமில்லை, மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் ரத்துச் செய்யலாம். 2023-ல் இந்த முறை வந்தபின் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் பதிவு செய்திருக்கிறார்கள். 140 கோடி ஜனங்களில் இது எம்மாத்திரம்? அதிலும் பதிவு செய்தவர்களே அறியாத சிக்கல் ஒன்று உண்டு. ஒருவர் பதிவு செய்திருந்தாலும், கடைசி வேளையில் வைத்தியர்கள் குடும்பத்தாரைக் கேட்டே நடப்பார்கள். மனைவிக்கும் மக்களுக்கும் சொல்லாமல் பெற்ற அட்டை, பெட்டிக்குள் கிடக்கும் காகிதமாகவே போய்விடும். குழந்தைகளோ பதிவு செய்யவே முடியாது. அவர்கள் விஷயத்தில் பெற்றோரின் சம்மதமே சட்டம் கேட்பது. எனவே பதிவு செய்கிற அன்றைக்கே, இரவு சாப்பாட்டு வேளையில், வீட்டார் எல்லோரையும் வைத்துக்கொண்டு இந்தப் பேச்சை எடுத்துவிடவேண்டும். அமங்கலமான பேச்சு என்று பாட்டிமார் கடிந்துகொள்வார்கள். கடிந்துகொள்ளட்டும், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், நடுநிசியில், முன்பின் தெரியாத ஒருவர் முதன்முதலாக இந்தப் பேச்சை எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சர்க்காருக்கும் நாம் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. விபத்தில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் முதலில் வந்து சேருவது ஜில்லாத் தலைநகர் ஆஸ்பத்திரிகளில்தான். அங்கே மூளைச்சாவைச் சோதித்து அத்தாட்சி கொடுக்கும் வைத்தியர்களும், குடும்பத்தாரிடம் பதமாகப் பேசப் பழகியவர்களும் இரவு பகல் எந்நேரமும் இருக்கிறார்களா? உடலிலிருந்து எடுத்த இருதயம் நான்கு முதல் ஆறு மணி நேரம்தான் தாங்கும். கல்லீரலுக்குச் சற்று அதிகம். சென்னையில் ஒரு குழந்தை காத்திருக்க, தென் ஜில்லாவில் ஒரு குடும்பம் சம்மதித்தும், அத்தாட்சிக் குழு கூடுவதற்குள் பொழுது விடிந்துவிட்டால், அந்தக் குடும்பத்தின் பெருந்தன்மை வீணாகிவிடும்.