ஃபைல் மூடியாச்சா? ஏஎஸ்/400 புரோகிராமர்கள் இப்போது கவனிக்க வேண்டியது என்ன?

2026 செப்டம்பர் 30-ம் தேதியுடன் ஐபிஎம் ஐ 7.4 பதிப்புக்கான வழக்கமான சப்போர்ட் முடிகிறது. அதில் இருப்பவர்கள் 7.5 அல்லது 2025-ல் வந்த 7.6-க்கு மாற வேண்டும். அம்பத்தூர் ஐ.டி. பூங்காக்களிலோ பூந்தமல்லி சாலையிலோ வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஏன்?

இது என்ன சிஸ்டம்?

1988-ல் ஏஎஸ்/400 என்ற பெயரில் வந்த வணிகக் கணினியின் வாரிசுதான் இது. வங்கி, காப்பீடு, உற்பத்தி நிறுவனங்கள் பலவற்றின் கணக்கு இன்னும் இதில்தான் ஓடுகிறது. பழைய ஆர்பிஜி புரோகிராம்கள் புதிய பதிப்பிலும் பெரும்பாலும் அப்படியே ஓடும். ஆனால், 'மாறுறதுதான் மாறுறோம், கோடையும் நவீனமாக்கிடலாம்' என்று வாடிக்கையாளர் கேட்பது வழக்கம். சிக்கல் அங்கேதான் தொடங்கும்.

ஃபைல் திறந்தே இருந்தால் என்ன?

ஆர்பிஜி-யில் 'எல்ஆர்' இண்டிகேட்டரை ஆன் செய்யாமல் திரும்பினால் ஃபைல் மூடாது. வேகத்துக்காக வேண்டுமென்றே அப்படி எழுதுவதும் உண்டு. பழைய முறையில் 'ஆர்சிஎல்ஆர்எஸ்சி' கட்டளை அதைச் சுத்தம் செய்துவிடும். பெயரிட்ட ஆக்டிவேஷன் குரூப்புக்கு மாற்றிவிட்டால் அந்தக் கட்டளை அங்கே எட்டாது; 'ஆர்சிஎல்ஆக்ட்ஜிஆர்பி' வேண்டும். இல்லையென்றால் ஜாப் முடியும் வரை ஃபைல் திறந்தே கிடக்கும். அதே ஃபைலை முழுதாக லாக் செய்ய வேண்டிய இரவு பேட்ச் நின்றுவிடும். நியூயார்க்கில் கோடைகால இரவு 10 மணி என்றால் இங்கே காலை 7.30. போன் வருவது காலை ஷிஃப்டில் இருப்பவருக்குத்தான்.

பகிர்ந்தால்?

ஒரே ஃபைலை இரண்டு புரோகிராம்கள் 'ஷேர்' போட்டுத் திறந்தால், படிக்கும் இடமும் பொதுவாகிவிடும். ஒன்று ஆர்டரை வரிவரியாகப் படிக்கிறது. நடுவில் அழைக்கப்பட்ட இன்னொன்று வேறு ஆர்டருக்கு நகர்த்திவிட்டுத் திரும்புகிறது. அடுத்த வரி, தப்பான ஆர்டரின் வரி. எரர் எதுவும் வராது. பில் மட்டும் தப்பாகும்.

கமிட்டும் இப்படித்தான். வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு ஆக்டிவேஷன் குரூப்புக்கும் தனி கமிட். பணம் செலுத்தும் பகுதி ஒரு குரூப்பிலும் லெட்ஜர் வேறு குரூப்பிலும் இருந்தால், ஒன்று ரோல்பேக் ஆகி மற்றது பதிவாகிவிடலாம்.

சர்வீஸ் புரோகிராமில் என்ன ஆபத்து?

பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் சர்வீஸ் புரோகிராமில், வெளியே தரும் புரொசீஜர்கள் வரிசை எண்ணால்தான் அடையாளம் காணப்படுகின்றன. சிக்னேச்சரை மாற்றாமல் பட்டியலின் நடுவே புதியதைச் செருகினால், பழைய புரோகிராம்கள் வேறு புரொசீஜரை அழைக்கும். வரி கணக்கிட வேண்டிய இடத்தில் தள்ளுபடி கணக்காகலாம்.

என்ன செய்யலாம்?

* ஒரு அப்ளிகேஷனுக்குப் பெயரிட்ட ஒரே ஆக்டிவேஷன் குரூப். அதன் சர்வீஸ் புரோகிராம்களுக்கு 'காலர்'.
* புதிய புரொசீஜரை எப்போதும் பட்டியலின் கடைசியில் சேருங்கள்.
* கோடைத் தொடும் முன்பும் பின்பும் 'டிஎஸ்பிஜாப்' திரையில் திறந்திருக்கும் ஃபைல்களையும் ஆக்டிவேஷன் குரூப்களையும் ஒப்பிடுங்கள்.

கம்பைல் ஆனதும் வேலை முடிந்ததாக நினைத்துவிட வேண்டாம். இந்தத் தவறுகள் எதையும் கம்பைலர் சொல்லாது.