முதற் சைக்கிளுக்குக் கியர் வேண்டாம்

ஓ.எல். முடித்து ஏ.எல். வகுப்புக்குப் போகும் தங்கைமார் பலர் வீட்டில் சைக்கிள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கேட்பது பெரும்பாலும் கியர் சைக்கிள்: 18 கியர், 21 கியர், முன்னுக்கு ஸ்பிரிங். விலையைக் கேட்டதும் வாப்பா "பிறகு பார்ப்போம்" என்பார். அந்தப் "பிறகு" இரண்டு வருடம் இழுபட்டால் ஏ.எல். பரீட்சையும் முடிந்துவிடும். என் அபிப்பிராயம் இதுதான்: ஒற்றைக் கியர் உள்ள சாதாரண லேடீஸ் சைக்கிளைக் கேளுங்கள். பழையதானாலும் பரவாயில்லை. இப்போதே கேளுங்கள்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்து நீராவிப்பிட்டிக்காரி. எங்கள் பக்கம் மலை கிடையாது. முள்ளியவளைக்குப் போனாலும் தண்ணீரூற்றுக்குப் போனாலும் தரை தட்டைதான். கியர் மாற்றுவதற்கு அங்கே என்ன வேலை? எங்களுக்கு ஏற்றம் என்பது எதிர்க்காற்று ஒன்றே. அதற்கும் மலிவான வழி இருக்கிறது. முன் பற்சில்லில் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால், 26 அங்குலச் சில்லு ஒரு முழு உழக்கில் ஏறத்தாழ 5 மீற்றர் போகும். பின்பக்கத்துக்கு 20 பல் போட்டால் அது நாலரை மீற்றராகக் குறையும். தூரம் சற்றுக் குறைந்தாலும் காலுக்குப் பாரமில்லை. சைக்கிள் கடையில் அந்த ஒரு சாமானை மாற்றினால் போதும். கியர் சைக்கிளில் கேபிள், நெம்பு, செயினை இழுத்துப் பிடிக்கும் கை என்று பழுதாக எத்தனை சாமான்கள்! கடற்காற்றின் உப்புக்கு அவை எல்லாம் தீனி.

வெளிநாட்டு நகரங்களில் இளைஞர்கள் கியர் இல்லாத சைக்கிளை இப்போது நாகரிகமாக ஓட்டுகிறார்கள். (எங்கள் வாப்பாமார் நெடுநாளாக அந்த நாகரிகத்தில்தான் இருக்கிறார்கள்!) அதில் இன்னொரு வகை உண்டு. பின்சில்லில் பிறீவீல் இராது. சில்லு சுற்றும் வரை பெடலும் சுற்றும், காலை ஓய்வாக வைக்க முடியாது. பந்தயத் திடலுக்கு அது சரி, நமக்கு ஆகாது. அபாயாவின் ஓரம் செயினில் அகப்பட்டால், சாதாரண சைக்கிளில் உழக்குவதை நிறுத்தியதும் செயினும் நின்றுவிடும். அதில் சில்லே செயினை இழுக்கும், துணியையும் சேர்த்து. ஆகவே பிறீவீல் கட்டாயம். செயினை முழுக்க மூடும் கவரும் பின்சில்லுக்கு வலையும் வேண்டும். இவை இல்லாத சைக்கிள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம் உடுப்புக்குச் செய்ததல்ல.

எரிபொருள் தடை இருந்த யுத்த வருடங்களில் நெல் மூட்டை, விறகு, நோயாளி எல்லாம் வன்னியில் இப்படியான சைக்கிளில்தான் போயின. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட எங்கள் ஆட்கள் அப்போது புத்தளத்தில் இருந்ததால், இதை அயலவர் சொல்லித்தான் அறிந்தேன். ஆனால் 2022ஐ நாங்களே கண்டோம். பெற்றோல் வரிசை நீண்டபோது நானாவின் மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நின்றது. அதன் பின்னால் ஏறி ரியூசனுக்குப் போன நானும் வீட்டில் நின்றேன். சைக்கிள் வைத்திருந்த பிள்ளைகள் வகுப்பைத் தவறவிடவில்லை. பிறர் கொண்டுபோய் விட்டால்தான் படிப்பு என்றால், அவருக்கு வேலை வந்தாலும் பெற்றோல் முடிந்தாலும் நம் படிப்பு நிற்கும்.

"குமர்ப்பிள்ளை சைக்கிளில் திரிவதா?" என்று கேட்பவர்களுக்குப் புதுக்கோட்டையைச் சொல்வேன். தமிழ்நாட்டின் அந்த வரண்ட மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. முன்னின்றவர் அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். கட்டுப்பாடான முஸ்லிம் குடும்பத்துப் பெண்களும் அங்கே சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்தது வேறொரு தகவல். லேடீஸ் சைக்கிள் கிடைக்கும்வரை காத்திருக்காமல் சிலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்களாம். குறுக்குத் தண்டில் பிள்ளையை இருத்தலாம் என்பதற்காகவே அதை விரும்பியவர்களும் இருந்தார்களாம். தங்கள் வேலைக்கு எது உதவும் என்று அவர்களே பார்த்திருக்கிறார்கள்.

பழைய சைக்கிள் வாங்குவதானால் நானாவை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். ஏறி இருந்து பாருங்கள். நிற்கும்போது பாதத்தின் முன்பகுதியாவது நிலத்தில் படவேண்டும். சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிறேக் கட்டைகளுக்கு நடுவே நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். பெடல் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆடினால் உள்ளே தேய்வு. முன் பற்சில்லில் படிந்திருக்கும் செயினை விரலால் முன்னுக்கு இழுங்கள். பல்லை விட்டு நன்றாக விலகி வந்தால் செயின் மாற்றும் செலவையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பெயின்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், பெயின்ட் அடிக்க ஒருநாள் போதும். சட்டத்தில் அடித்திருக்கும் இலக்கம் ரசீதில் உள்ளதோடு பொருந்தாவிட்டால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். மிச்சக் காசில் ஒரு பம்பும், ஒட்டுப்போடும் சாமான்களும், சின்னப் போத்தல் தையல் மெஷின் எண்ணெயும் வாங்கலாம்.