எங்கே நடப்பது, டாக்டர்?

"நாள்தோறும் முப்பது நிமிடம் நடக்கவும்." நீரிழிவுச் சிறப்பு மருத்துவராகப் பதினாறு ஆண்டுகளாக மருந்துச் சீட்டின் அடியில் நான் எழுதிவரும் வரி இது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அறுபத்திரண்டு வயது அம்மையார் ஒருவர் அந்த வரியைப் படித்துவிட்டு, "எங்கே நடப்பது, டாக்டர்?" என்று கேட்டார். நடக்காமல் இருப்பதற்கு நோயாளிகள் சொல்லும் காரணங்களைத் தொகுத்தால் ஒரு சிறு நூலே ஆகும். இதையும் அவற்றுள் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன். "மனமிருந்தால் மார்க்கமுண்டு, அம்மா" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அவர் நடந்தார். ஐந்தாம் வாரத்தில், மழைநீர் வடிகாலை மூடிய சிமெண்டுப் பலகை ஒன்று உடைந்து, அதிலிருந்து துருத்திக்கொண்டிருந்த கம்பி, ரப்பர் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியது. நீரிழிவு நெடுநாள் நீடித்தால் பாதங்களின் நரம்புகள் உணர்வை இழக்கும். அவருக்கு வலிக்கவில்லை. வீடு திரும்பி, தரையில் படிந்த ரத்தத்தை மகள் பார்த்துச் சொன்ன பிறகே அவருக்குத் தெரிந்தது. எங்களிடம் வந்து சேர்ந்தபோது தொற்று எலும்புவரை சென்றிருந்தது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தெருவுக்குச் சென்று நானே நடந்து பார்த்தேன். சென்னையில் வசிக்கும் உங்களுக்கு அதை வர்ணிக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ நானூறு மீட்டர் தொலைவில் பதினோரு முறை நடைபாதையைவிட்டுச் சாலையில் இறங்கினேன். மின்பகிர்வுப் பெட்டி, நிறுத்திவைத்த இருசக்கர வாகனங்கள், வீட்டுக் கார் ஏறுவதற்காகக் கட்டிய சரிவு, கட்டட வேலைக்குக் கொட்டிய மணல் என்று ஒவ்வொரு முறையும் ஒரு தடை. சில இடங்களில் நடைபாதையின் உயரம் முழங்காலில் பாதி இருந்தது. மூட்டு வலியுள்ள ஒருவர் அதில் ஏறுவதைவிடப் பேருந்துகளின் நடுவே நடப்பதையே தேர்ந்தெடுப்பார். அப்படித்தான் தேர்ந்தெடுக்கவும் செய்கிறார்கள். 2022ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,000க்கும் மேற்பட்டோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர்.

இவற்றுக்கெல்லாம் விதிகள் இல்லாமல் இல்லை. இந்திய சாலைகள் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, குடியிருப்புப் பகுதியில்கூட நடைபாதையில் தடையின்றி 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் விலகிச் செல்வதற்கான அகலம் அது. விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சென்னை மாநகராட்சி, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை 2014இல் ஏற்று, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் செலவிட வேண்டும் என்று வகுத்துக்கொண்டது. தடையற்ற நடைபாதை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025இல் சொன்னது. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தில் மாலையில் முதியவர்கள் அமர்ந்து பேசுவதையும், குழந்தைகள் கையை விட்டுவிட்டு ஓடுவதையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் இது இயலாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால், துணி எடுக்கப் போகும் ஒரு தெருவை அழகாக்குவது வேறு. நோயாளி தம் வீட்டு வாசலில் இறங்கி நடக்கும் தெருவைச் சீராக்குவது வேறு. நான் கேட்பது இரண்டாவதை.

தெரு வடிவமைப்பைப் பொறியாளர்கள் வேகத்தையும் அகலத்தையும் கொண்டு கணக்கிடுகிறார்கள். மருத்துவனுக்குக் கண்ணில் படுபவை வேறு. கால் ரத்தக்குழாய் அடைப்புள்ளவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் பிடித்து இழுக்கும் வலி வரும், நின்றால் தணியும். இவர்களுக்கு நடையே சிகிச்சை: வலி வரும்வரை நடந்து, அமர்ந்து, வலி அடங்கியதும் மீண்டும் நடக்க வேண்டும். தொடர்ந்து செய்தால் நடக்கும் தூரம் கூடும். ஆனால் அமர்வதற்கு எங்கே இடம்? நூறு அல்லது நூற்றைம்பது மீட்டருக்கு ஒரு சிமெண்டுத் திண்ணை போதும். நம் முன்னோர் வீட்டு வாசலிலேயே திண்ணை கட்டி, வழிப்போக்கனுக்கு விட்டுவைத்தார்கள். நாம் கேட் போட்டு, 'இங்கே வாகனம் நிறுத்தாதீர்' என்று பலகை மாட்டியிருக்கிறோம்.

சாலையைக் கடப்பதும் அப்படித்தான். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரை மனத்தில் வைத்தே சிக்னல்களைப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். 14 மீட்டர் அகலச் சாலைக்கு 12 விநாடி. என் வெளிநோயாளிகள் பலரின் வேகம் 0.8 மீட்டர், அவர்களுக்குப் பதினேழு, பதினெட்டு விநாடி வேண்டும். அந்த ஆறு விநாடியைத் தருவதற்குப் பணம் எதுவும் தேவையில்லை. நடைமேம்பாலம் கட்டித் தருகிறோம் என்பார்கள். படியேற முடியாதவரிடம் அதைச் சொல்வதற்குக் கூச்சம் வேண்டாமா?

பிறகு நிழல். சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குமேல் நடக்கச் சொல்வது இதய நோயாளிக்கு ஆபத்து. புங்கையும் வேம்பும் வரிசையாக நிற்கும் தெருவில் அதே நேரம் வேறு மாதிரி இருக்கும். நாமோ இருக்கும் மரங்களின் அடிமரத்தை ஒட்டியே சிமெண்டு பூசுகிறோம். வேருக்கு நீரும் காற்றும் கிடைப்பதில்லை. மழைநீரும் மண்ணுக்குள் இறங்காமல் தெருவிலேயே நிற்கிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வீசிய மறுநாள், வேரோடு சாய்ந்த மரங்களைத் தாண்டித்தான் நான் பணிக்கு வந்தேன். மரத்தைச் சுற்றி நாலடி மண் விடுவது, நடைபாதை ஓரத்தில் நீர் இறங்கும் பள்ளமான செடிப்பாத்தி அமைப்பது ஆகியவை நிழலையும் தரும், வெள்ளத்தையும் குறைக்கும்.

முழங்கால் தேய்ந்தவர்களுக்கு நடையைவிட மிதிவண்டி நல்லது. உடல் எடை மூட்டில் இறங்காது. ஆனால் மாநகரச் சாலையில் அதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை. பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு மிதிவண்டி கொடுக்கிறது. அதை ஓட்டப் பாதை கொடுக்கவில்லை. ஆண்டு இரண்டில் அந்தப் பிள்ளைகளும் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிடுகிறார்கள்.

"நடைபாதையை அகலப்படுத்தினால் வாகனங்கள் எங்கே போகும்?" என்று என் சக மருத்துவர் ஒருவர் கேட்டார். அவர் காரில் வருபவர், நானும்தான். எங்கள் இருவருக்கும் தாமதமாகலாம், ஒப்புக்கொள்கிறேன். இந்த நாட்டில் நீரிழிவுள்ளோர் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. அவர்களுக்காக ஐந்து நிமிடத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். நடைபாதைக் கடைகளை அகற்றினால் போதும் என்போருடனும் எனக்கு உடன்பாடில்லை. வாசலருகே கீரை கிடைத்தால்தான் என் நோயாளி நடந்து போய் வாங்குவார். கடைக்கும் காலுக்கும் தனித்தனியே இடம் வகுத்தால் இரண்டும் நடக்கும்.

தெரு திருந்தும்வரை, உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயோ மாடித் தாழ்வாரத்திலோ நடங்கள். உணவுக்குப் பின் உயரும் சர்க்கரையை அது குறைக்கும். வெளியே செல்வதாயின் விரல்களை மூடும், அடிப்பாகம் தடித்த காலணி அணியுங்கள். திரும்பியதும் பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், உடன் இருப்பவரையும் பார்க்கச் சொல்லலாம்.

இப்போது சீட்டில் அந்த வரியை எழுதும் முன், "உங்கள் தெரு எப்படி?" என்று கேட்கிறேன். உடைந்த பலகையையோ வழி மறிக்கும் பெட்டியையோ சொன்னால், இவருக்கு நடை சிகிச்சையாகத் தேவைப்படுகிறது, இந்தத் தடை அதற்கு இடையூறு என்று மருத்துவமனைத் தாளில் நான்கு வரி எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறேன். அதை வார்டு கவுன்சிலரிடமோ மண்டல அலுவலகத்திலோ அவர்கள் கொடுக்கலாம். நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. நம் மருத்துவமனையின் வாயிலுக்கு வெளியேயும் சரிவுப்பாதை முடியும் இடத்தில் நடைபாதை இல்லை. அதற்கான கடிதத்தையும் நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறேன்.

அந்த அம்மையார் முதல் கடிதத்தை வாங்கிச் சென்றார். நான்கு மாதங்களில் பலகை மாற்றப்பட்டது. மின்பகிர்வுப் பெட்டி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதற்காக இரண்டாவது கடிதம் கேட்டு வந்திருந்தார்.