புதுக் கணக்கு ஒன்று தொடங்குவோம்



ஜி.எஸ்.டி. கணக்கு, உரிமக் கட்டணம், பெருநிறுவனங்களின் போட்டி என்று நம் தொழிலைப் பாதிக்கும் பிரச்சினைகளைப் பற்றியே இந்தப் பக்கங்களில் நாம் பெரும்பாலும் பேசி வருகிறோம். அவை பேச வேண்டியவைதான். ஆனால் நம் கடைத்தெருவோடு நெருங்கிய தொடர்பு இருந்தும் சங்கக் கூட்டங்களில் நாம் எடுத்துப் பேசாத ஒரு விஷயத்தை இம்முறை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறவருக்கு நம் கடையில் வேலை கொடுக்கலாமா, கூடாதா என்பதே அது.

கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. இரக்கத்தினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடனுக்குச் சரக்குக் கொடுத்து வாங்கிப் பழகிய வியாபாரக் கணக்கை வைத்தும் சொல்கிறோம்.

சிறை வாயிலிலிருந்து ஒருவர் வெளியே வரும்போது அவர் கையில் இருப்பது ஒரு பையும், உள்ளே உழைத்த கூலியில் மீதமும்தான். ஊருக்குப் போனால் உறவினர்கள் முகம் கொடுப்பதில்லை. வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. வேலை கேட்டுப் போனால் முதல் கேள்வியே, "இத்தனை வருஷம் எங்கே இருந்தாய்?" என்பதுதான். உண்மையைச் சொன்னால் வேலை இல்லை. பொய் சொன்னால் என்றைக்காவது ஒருநாள் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் அவரைத் தேடி வந்து தோளில் கைபோட்டு அழைத்துப் போகிறவர்கள் பழைய கூட்டாளிகள் மட்டுமே. அப்படி அழைத்துப் போகப்பட்டவர் அடுத்து எந்தப் பூட்டை உடைப்பார்? வங்கிப் பெட்டகத்தையா? நம் கடை ஷட்டரைத்தான். ஆகவே அவருக்கு முதல் மூன்று மாதத்தில் ஒரு வேலை கிடைப்பதில் நமக்கும் லாபம் இருக்கிறது.

சிறைக்குப் போனவர் என்றாலே கொலைகாரர், கொள்ளைக்காரர் என்று நினைத்துக்கொள்கிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர், குற்றம் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். ஜாமீனுக்கு ஆள் இல்லாததால் மட்டுமே உள்ளே கிடப்பவர்களும் அவர்களில் உண்டு. பின்னால் வழக்கு தள்ளுபடியாகி வெளியே வந்தாலும் "ஜெயிலுக்குப் போனவன்" என்ற பெயர் போவதில்லை.

நம் வணிகர் குலம் பெருமையோடு போற்றும் வ.உ.சிதம்பரனாரை இங்கே நினைத்துப் பார்க்கிறோம். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். தேச விடுதலைக்காகச் சிறை சென்ற அந்தப் பெருமகனாரைக் குற்றவாளிகளோடு ஒப்பிடுவதாக யாரும் எண்ணக் கூடாது. ஆனால் 1912 டிசம்பரில் அவர் விடுதலையாகி வந்தபின் நடந்தது நமக்குப் பாடம். அவருடைய வக்கீல் சன்னது பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் சிறு வியாபாரங்கள் செய்து மிகுந்த வறுமையில் காலம் தள்ளினார். பிற்பாடு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. தொழிலைத் திரும்பக் கொடுத்தவரைப் பிள்ளையின் பெயரில் வைத்துப் போற்றினார் என்றால், சிறை மீண்டவருக்குத் தொழில் என்பது எத்தனை பெரிய விஷயம் என்பதை நாம் புரிந்துகொள்ளலாம்.

1975-இல் வெளிவந்த எம்.ஜி.ஆரின் "பல்லாண்டு வாழ்க" படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1957-இல் வி.சாந்தாராம் எடுத்த "தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்" என்ற இந்திப் படத்தின் தழுவல் அது. அவுந்த் சமஸ்தானத்தில் 1939-இல் தொடங்கிய சுதந்திரபூர் என்ற திறந்தவெளிச் சிறையின் அனுபவத்திலிருந்து பிறந்த கதை என்று சொல்வார்கள். சிறை அதிகாரி ஒருவர் ஆறு கொலைக் கைதிகளை அழைத்துப்போய்த் தரிசு நிலத்தைப் பண்படுத்திப் பயிர் செய்ய வைக்கிறார். அந்த இந்திப் படத்தில், விளைந்ததை அவர்கள் சந்தைக்குக் கொண்டுவந்து நியாய விலைக்கு விற்கும்போது, பொறுக்காமல் ஆள் வைத்து அடிப்பவர் யார் தெரியுமா? சந்தையிலுள்ள ஒரு வியாபாரி! கதையில் நமக்குக் கொடுக்கப்பட்ட வேஷம் அது. நடப்பில் அந்த வேஷத்தை நாம் கட்ட வேண்டியதில்லை.

"பேச்செல்லாம் சரி, கல்லாவை நம்பி விட முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் தமிழகச் சிறைத்துறை இந்தியன் ஆயில் நிறுவனத்தோடு சேர்ந்து சில ஊர்களில் பெட்ரோல் பங்க்குகள் நடத்தி வருகிறது. அங்கே பெட்ரோல் போட்டுப் பணம் வாங்குகிறவர்கள் தண்டனையை இன்னும் அனுபவித்து வரும் சிறைவாசிகள். 2023-இல் புழலில் பெண் சிறைவாசிகளைக் கொண்டும் ஒரு பங்க் திறந்தார்கள். தண்டனைக் காலத்திலேயே ஒருவர் நாள் முழுதும் ரொக்கத்தைக் கையாள முடிகிறதென்றால், தண்டனை முடிந்தவரை நம் குடோனில் மூட்டை அடுக்க விடுவதற்கு நாம் ஏன் இத்தனை அஞ்ச வேண்டும்?

எங்கள் மண்டியின் அனுபவத்தையும் ஒளிக்காமல் சொல்கிறோம். 2008 செப்டம்பரில் அறிஞர் அண்ணா நூற்றாண்டை முன்னிட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுள் தண்டனைக் கைதிகள் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டார்கள். அவர்களில் ஒருவர், தெரிந்தவர் மூலம் எங்களிடம் வந்தார். முதல் நான்கு மாதம் லாரியிலிருந்து சரக்கு இறக்குவதும் எடை போடுவதும்தான் அவர் வேலை. வாரக் கூலி. அவர் எங்கிருந்து வந்தார் என்பது முதலாளிகளுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் தவிர மற்றவர்களுக்குத் தெரியாது. பிறகு சரக்கு வண்டியோடு அனுப்பினோம். பிறகு சில்லறைக் கடைகளில் வசூலுக்கு விட்டோம். இன்று காலையில் குடோனைத் திறக்கும் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

அவருக்குப் பின் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நாற்பது நாள் இருந்துவிட்டு ரூ.6,000 முன்பணத்தோடு சொல்லாமல் போய்விட்டார். இன்னொருவர் இரண்டு ஆண்டு வேலை பார்த்து, இன்று சொந்தமாகப் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். எங்களிடமே கடனுக்குச் சரக்கு எடுத்து, திங்கள்தோறும் பாக்கியைத் தீர்க்கிறார். மூன்றில் ஒன்று தவறிவிட்டதே என்று சொல்லலாம். நம் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தால், நல்ல குடும்பத்துப் பிள்ளை, பெரிய கடை என்று நம்பிக் கொடுத்துத் திரும்பாத பாக்கிகள் இதைவிட எத்தனையோ மடங்கு இருக்கும். அதற்காகக் கடன் கொடுப்பதையே நிறுத்திவிட்டோமா? புதுக் கடைக்காரர் வந்தால் முதலில் ஒரு மூட்டை, அது தீர்ந்தால் இரண்டு மூட்டை என்று ஆளைப் பார்த்து, நாளைப் பார்த்துத்தானே வரவுசெலவை வளர்க்கிறோம்? சிறை மீண்டவர் விஷயத்திலும் அதே முறைதான்.

எல்லாக் குற்றங்களையும் ஒரே தராசில் நிறுக்கச் சொல்லவில்லை. பெண்களும் குழந்தைகளும் வந்துபோகும் கடையில் யாரை நிறுத்துவது என்பதைக் கடைக்காரர் விசாரித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். திருட்டுக் கொடுத்த வணிகரின் வயிற்றெரிச்சலும் எங்களுக்குத் தெரியும். சிறைவாசிகளுக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்று 1998-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, அக்கூலியில் ஒரு பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்குப் போய்ச் சேரச் சட்டம் செய்ய வேண்டும் என்றும் கூறியது. திருந்துகிறவருக்கு வழி விடுவதும் இழந்தவருக்கு ஈடு செய்வதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல.

சட்டமும் இந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, ரூ.5,000-க்குக் குறைந்த மதிப்புள்ள திருட்டில் முதல்முறையாகத் தண்டிக்கப்படுகிறவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவருக்குச் சமூக சேவையே தண்டனை. கடையில் கைவைத்து அகப்படும் பையன்களில் பலர் இந்த வகையில் வருவார்கள். அவர்கள் சிறையில் பெரிய திருடர்களிடம் பாடம் கற்காமல் நம் ஊரிலேயே உழைத்துத் திருந்துவது நமக்கு நல்லதா, கெட்டதா?

நம் மக்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் 2004-இல் "மஞ்சள் ரிப்பன்" இயக்கத்தைத் தொடங்கினார்கள். வேலை தரும் முதலாளிகளும் தொண்டர்களும் சிறைத்துறையும் அதில் கைகோத்திருக்கிறார்கள். 1990-களின் இறுதியில் அங்கே விடுதலையானவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இரண்டே ஆண்டில் மீண்டும் சிறை சென்றார்கள். அண்மை ஆண்டுகளில் அது இருபதுக்குச் சற்று மேல் என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. இதற்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், வெளியே வந்ததும் வேலை காத்திருப்பது அவற்றில் முக்கியமானது.

நம் சங்கம் செய்யக்கூடியவை மூன்று. முதலாவதாக, ஆள் தேவைப்படும் உறுப்பினர்களின் பட்டியலைத் தயாரித்து, மாவட்ட நன்னடத்தை அலுவலரிடம் கொடுத்து வைக்கலாம். பெயர், ஊர், செய்த குற்றம், சிறையில் கற்ற தொழில் எல்லாவற்றையும் விசாரித்து அறிந்தபின் விருப்பமுள்ளவர் எடுத்துக்கொள்ளட்டும், யாருக்கும் கட்டாயமில்லை.

இரண்டாவதாக, சங்கமே பொறுப்பேற்றுத் துணை நிற்க வேண்டும். கடைத்தெருவில் ஒரு திருட்டு நடந்தால் முதலில் அவரைத்தான் தேடி வருவார்கள். விசாரணைக்கு அழைத்தால் அனுப்ப வேண்டியதுதான். ஆனால் சங்க நிர்வாகி ஒருவர் கூடச் சென்று, "இவர் அன்றிரவு எங்கள் குடோனில் சரக்கு இறக்கினார், வருகைப் பதிவேடு இதோ" என்று சொன்னால் அந்த மனிதருக்கு எத்தனை பலம்! ஒரு தனிக் கடைக்காரர் செய்யத் தயங்குவதைச் சங்கம் செய்ய முடியும்.

மூன்றாவதாக, வேலை தர இயலாதவர்கள் நேரம் தரலாம். எடை போடுதல், சரக்கு இனம் பார்த்தல், நாள்வழி எழுதுதல், பில் போடுதல் ஆகியவற்றைச் சிறைக்குள்ளேயே கற்றுக்கொடுக்க அனுமதி கேட்கலாம். சிறைகளைப் பார்வையிட அரசு அலுவலர் அல்லாதவர்களை நியமிக்கும் முறையும் இருக்கிறது. தகுதியுள்ள நம் உறுப்பினர்கள் அதற்கு முன்வரலாம். தந்தை சிறையிலிருக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குச் சங்க அறக்கட்டளையில் ஒரு தொகை ஒதுக்கலாம்.

ஆண்டுதோறும் புதுக்கணக்கு எழுதும்போது, பழைய பேரேட்டை மூடிவைத்து மஞ்சள் குங்குமமிட்டுப் புதுப் பேரேட்டில் முதல் வரி எழுதுகிறோம். பழைய பாக்கி மறைந்துவிடுவதில்லை. ஆனாலும் வியாபாரம் நிற்பதில்லை. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி நிர்வாகிகளை வேண்டுகிறோம். மே 5 வணிகர் தினத்துக்குள் நம் ஊரில் ஐந்து கடைகளாவது பெயர் கொடுத்தால் போதும். எங்கள் மண்டியின் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள்.