பாட்டரியும் சிக்கனமும்

விளையாட்டு வினையாகும் என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். அந்த வினை ஏழைகளின் ஒரு நாள் கூலியில் போய் முடியக் கூடும் என்பதை நான் போடிநாயக்கனூரில்தான் தெரிந்து கொண்டேன்.

சுமார் 30 வருஷங்களுக்கு முந்திய சமாசாரம். அவ்வூரில் என் மைத்துனர் வசித்து வந்தார். மலை மேல் அவருக்குச் சொற்பமாக ஓர் ஏலத் தோட்டம். காய் பறிக்கும் காலத்தில் விடியுமுன் ஜீப்பைக் கிளப்பிக் கொண்டு போவார். ஊர்க்கோடியில் காத்திருக்கும் ஆட்களை ஏற்றிக் கொண்டு போடிமெட்டுக்குப் போக வேண்டும்.

அவருடைய பையனிடம் "பிரிக் கேம்" என்ற விளையாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியில்லாமல் அடுக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. இரண்டு பென்டார்ச் பாட்டரிகளில் அது நாட்கணக்காக ஓடும். ஓர் இரவு பாட்டரி தீர்ந்தது. கடைகளோ அடைத்தாகி விட்டன. பையன் சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்றும், அலாரம் கடிகாரத்திலிருந்து ஒன்றுமாகக் கழற்றிப் போட்டுக் கொண்டு ஆட்டத்தை நடத்தினான்.

மறுநாள் வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. மைத்துனர் ஊர்க்கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஆட்கள் காத்துப் பார்த்து விட்டு வீடு திரும்பியிருந்தார்கள். "நம் வீட்டுப் பிள்ளை விளையாடியதற்கு அவர்கள் வீட்டில் உலை வைக்காமல் இருப்பதா?" என்று சொல்லி, அன்றைய கூலியை வீடு வீடாகக் கொடுத்து விட்டு வந்தார்.

கையடக்க விளையாட்டுப் பெட்டிகளின் சரித்திரமே இந்தப் பாட்டரிக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது. 1989-ல் ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனியார் "கேம் பாய்" என்ற பெட்டியை வெளியிட்டார்கள். வர்ணம் கிடையாது; திரைக்குப் பின்னே விளக்கும் கிடையாது. வெளிச்சமுள்ள இடத்தில் வைத்துக் கொண்டால்தான் படம் தெரியும். மறு வருஷம் ஸேகா கம்பெனியார் "கேம் கியர்" என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அதில் வர்ணம் உண்டு, விளக்கும் உண்டு. பார்த்தவர்கள் எல்லாரும் பிரமித்தார்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். முன்னது 4 பாட்டரிகளில் 15 மணி நேரமாவது ஓடிற்று. பின்னதற்கு 6 பாட்டரிகள் வேண்டும். ஓடியதோ 3 முதல் 5 மணி நேரம்தான். விளக்குதான் பாட்டரியைக் குடித்துத் தீர்த்தது. முடிவில் கேம் கியர் சுமார் ஒரு கோடி விற்றது. கேம் பாயோ, பின்னால் வந்த அதன் வர்ணப் பெட்டியையும் சேர்த்து, 11 கோடிக்கு மேல் விற்றது. பகட்டைச் சிக்கனம் வென்றது!

பின்னர் மறுபடியும் மின்சாரம் ஏற்றிக் கொள்ளும் லிதியம் பாட்டரி வந்தது. அதனால் இந்தத் தர்மம் மாறி விட்டதா? இல்லை. 2017-ல் வந்த "ஸ்விட்ச்" பெட்டி, ஆட்டத்திற்குத் தக்கபடி, இரண்டரை முதல் ஆறரை மணி வரையில் ஓடிற்று. 2019-ல் அதே அளவு பாட்டரியை வைத்துக் கொண்டு, உள்ளேயுள்ள சில்லைச் சிக்கனமானதாக மாற்றினார்கள். நாலரை முதல் ஒன்பது மணி வரையில் ஓடியது. 2025-ல் வந்த "ஸ்விட்ச் 2" பெட்டியில் பாட்டரி இன்னும் பெரிது. ஆயினும் திரையும் வேகமும் பெருகி விட்டபடியால், 2 முதல் ஆறரை மணிதான். சம்பளம் உயர்ந்தும் கடன் தீராத குடும்பங்களை நாம் பார்த்ததில்லையா?

சென்ற விடுமுறையில் அந்தப் பழைய பையன், இப்போது தகப்பனாராகி, தம் பெண்ணுடன் ரயிலில் போடிக்கு வந்திருந்தார். குழந்தை கையில் மேற்படி புதுப் பெட்டி. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தோட்டத்து வீட்டை அடைந்தபோது காற்றும் மழையும்; மின்சாரம் நின்று போயிருந்தது. சிறிது நேரத்தில் பெட்டியும் கண்ணை மூடிக் கொண்டது.

அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர்கள் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, கம்பியில்லாத் தொடர்பையும் அணைத்து வைத்தால் பாட்டரி கூடுதலாக நிற்கும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பெட்டியை விட்டு வைக்கக் கூடாது. லிதியம் பாட்டரிக்கு உஷ்ணம் பெரிய சத்துரு. விளையாடாமல் எடுத்து வைத்தாலும் 6 மாதத்துக்கு ஒரு முறையாவது மின்சாரம் ஏற்ற வேண்டும். அடியோடு தீர்ந்த நிலையில் வெகு நாள் கிடந்தால் அது பிழைக்காமலே போகலாம். உயிர் போன பாட்டரியைக் குப்பையில் எறியாமல், மின்னணுக் கழிவு வாங்குவோரிடம் ஒப்படைப்பதே முறை.

"தாத்தா, பாட்டரி தீர்ந்து போச்சு!" என்று குழந்தை என்னிடம் முறையிட்டாள்.

அவள் தகப்பனார் சுவரை அண்ணாந்து பார்த்தார். அங்கே கடிகாரம் ஓடிக் கொண்டிருந்தது. "நல்ல வேளை! இந்தப் பெட்டிக்கு அந்தப் பாட்டரி சேராது" என்றார்.

மறுநாள் விடியுமுன் ஜீப் நேரத்தோடு புறப்பட்டது.